அணை கட்டினவர் வீட்டுக் குளியலறை

எங்கள் வீட்டு ஹால் சுவரில் ஆடி மாதம் ஒரு மடகாஸ்கர் முளைத்தது. ஆவணியில் அதன் பக்கத்தில் ஆப்பிரிக்கா வந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் ஆஸ்திரேலியாவும் சேர்ந்துகொண்டு, கடல் சுவிட்ச் பெட்டியின் ஓரம் வரை ஏறிவிட்டது. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. மின்விசிறியைப் போட்டால் பொரபொரவென்று ரசத்தில் உதிர்ந்தது. கடற்படைக்குச் சொல்லி அனுப்பலாமா என்று என் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியத்திடம் கேட்டேன். அவர் பழைய பேப்பரை மடித்து ஆப்பிரிக்காவை ஒற்றி எடுத்தார். பேப்பர் கூழாகிக் கையோடு வந்தது.

தில்லியில் இதற்குச் சீலன் என்று பெயர். வெறும் ஈரம் என்றால் துடைத்துவிடலாம். சீலன் சுவரின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பாகப் பூத்து, பூச்சை உள்ளிருந்தே வெளியே தள்ளும். இந்த ஊரில் சீலன் இல்லாத வீட்டைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவர் ஒரு வீட்டு ப்ரோக்கர்.

முப்பது வருஷத்துக்கு மேல் மத்திய அரசு அலுவலகத்தில் மல்லுக்கு நின்றவள் நான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, ஷ்ருதியைப் பெற்று வளர்த்து, ஓய்வு பெற்றபோது கையில் வந்ததை எல்லாம் போட்டு மயூர் விஹாரில் இந்த இரண்டாம் மாடி ஃப்ளாட்டை வாங்கினேன். பத்திரம் என் பெயரில். வாசலில் பித்தளைப் பலகையில் கோமளா பாலசுப்ரமணியம் என்று இருக்கும். என் வீட்டுக்காரர் பெயர் என் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. நாட்டு வழக்கமே அதுதான் என்றாலும், சாவியைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

எங்கள் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில், கலியமூர்த்தி சார். ஓய்வு பெற்ற இன்ஜினியர். வேலை பார்த்த காலமெல்லாம் அணை கட்டியவர். அவர் சொல்வதைக் கேட்டால் இமயமலையில் புறப்பட்ட எந்த நதியும் அவரிடம் அனுமதி வாங்காமல் சமவெளிக்கு இறங்கியதில்லை. போன தை மாதம், மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய கையோடு, பழைய குளியலறையை இடித்துப் பெரிதாக்கி எங்கள் ஹாலுக்கு நேர் மேலே நகர்த்தியிருந்தார். எங்கள் மடகாஸ்கரும் அந்த மூலையிலேயே பிறந்தது.

மேலே போய்ச் சொன்னேன்.

“சார், உங்க பாத்ரூம் தண்ணி எங்க ஹாலுக்கு வருது.”

“மேடம், நான் டேம் கட்டினவன்.”

“அதனால?”

“அதனால என் வீட்டுத் தண்ணி கீழ போகாது. நான் விட்டாத்தான் போகும். உங்க வீட்டுல இருக்குறது மழைத் தண்ணி. வெளிச்சுவர்ல எங்கயாவது விரிசல் இருக்கும்.”

“மே மாசமே அந்த மூலையில ஈரப்பொட்டு இருந்துச்சே சார். அப்ப தில்லியில தார் ரோடு உருகிட்டு இருந்துச்சு. எந்த மழை?”

“போன வருஷ மழை. சுவருக்கு ஞாபகசக்தி உண்டு மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து அவருடைய குளியலறையில் ஊற்றுவது. எங்கள் சுவரில் நீலமாக இறங்கினால் அவர் தரையை உடைத்துச் சரிசெய்ய வேண்டும். இறங்காவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

குடிக்கிற கிணற்றில் விஷம் கலக்கச் சொன்னதுபோல் அவர் இரண்டடி பின்னால் போனார். “என்ன மேடம் பேசுறீங்க? குஜராத்லேர்ந்து வரவழைச்ச டைல்ஸ். பால் வெள்ளை. இடுக்குல நீலம் ஏறினா பிரம்மா வந்தாலும் போகாது. ஐப்பசியில மருமக வர்றா. மொத மொத குளிக்கப் போற எடம் நீலமாவா இருக்கணும்?”

“அப்ப எங்க ஹாலுக்கு என்ன வழி?”

“சிம்பிள். சுவர் மேல ப்ளாஸ்டிக் பேனல் அடிச்சுடலாம். பாதி நானே தர்றேன். தில்லி முழுக்க அப்படித்தான் பண்றாங்க. பாக்க மரம் மாதிரியே இருக்கும்.”

அது உண்மைதான். இந்த ஊரில் பாதி வீடுகள் ஈரத்தின் மேல் ப்ளாஸ்டிக் பலகையை ஒட்டிவிட்டு, விருந்தாளிகளிடம் ‘இன்டீரியர் பண்ணியிருக்கோம்’ என்று சொல்லிக்கொள்கின்றன. பலகைக்குப் பின்னால் காளான் பண்ணை நடக்கிறது. நான் சொன்னேன்: “மூக்கு ஒழுகுறவனுக்கு முகமூடி வாங்கித் தர்றேங்குறீங்க சார். எனக்கு ஒழுகுறது நிக்கணும்.”

அவர் கதவை மரியாதையாகச் சாத்தினார்.

கீழே வந்தால் என் வீட்டுக்காரர் மொபைலில் பேனல் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார். “தேக்கு மாதிரியே இருக்கு கோமளா. தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது.”

“நாம தூரத்துலேர்ந்தா குடும்பம் நடத்துறோம்?” என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் இழுப்பாகி, இன்ஹேலரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்வது என் வழக்கம். ஆனால் அந்த இழுப்பை நான் ஒரு மடங்கும் கூட்டவில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவருக்கு மூச்சு சரியில்லை. அந்தச் சுவரின் பூஞ்சை வாசனை வீடு முழுக்க இருந்தது. சுவர் காயாவிட்டால் அவரை அந்த வீட்டில் வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் என் கோபம் ஏறிக்கொண்டே போனது.

பூனாவில் வேலை பார்க்கும் ஷ்ருதி, கலியமூர்த்தி சார் மகன் கல்யாணத்தைச் சாக்கு வைத்துப் பத்து நாள் லீவில் வந்தாள். மகன் இளஞ்செழியனும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. பெண் மாப்பிள்ளையைத் தில்லிக்கு அழைத்துவரும் நாளுக்கு இவள் முன்கூட்டியே வந்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சுவரைப் பார்த்தாள். அப்பாவின் மூச்சையும் கேட்டாள்.

“அம்மா, இது சுவரா, ஸ்விம்மிங் பூலா? பஸ். போதும். வீட்டை வித்துடலாம். பூனாவுக்கு வந்துடுங்க.”

“நல்ல வீடும்மா. ஒரு செவுருதான்.”

“ஒரு லங்ஸ் தான்னு டாக்டர் சொல்வாரு, அப்ப? எங்க வீடு பதினெட்டாவது ஃப்ளோர். சீலன் வீலன் ஒண்ணும் கிடையாது.”

“பதினெட்டாவது மாடியிலேர்ந்து கொத்தமல்லிக்காரன்கிட்ட எப்படிடி பேரம் பேசுறது? லவுட் ஸ்பீக்கர் வச்சா?”

“ஆப்ல வரும்.”

“ஆப் கூட சண்டை போட முடியுமா?”

“அதனாலதான் வாங்கங்குறேன்,” என்றாள். என் பெண் அல்லவா, வாய் அப்படித்தான் இருக்கும்.

அன்று மாலைக்குள் நானும் அவளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தீபாவளிக்குள் நான் காட்டிவிட வேண்டும். அதை நிறுத்த ஆள் வந்து உடைக்கத் தொடங்கியிருக்கவும் வேண்டும். இரண்டும் நடந்தால் பூனா பேச்சை அவள் எடுக்கக் கூடாது. நடக்காவிட்டால் அவள் காட்டும் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, பித்தளைப் பலகையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அவள் ஒரு படி மேலே போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டைப் பார்க்க தனேஜா என்ற ப்ரோக்கரையும் வரச் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண் மாப்பிள்ளையும் வந்து இறங்குவதாக இருந்தது.

கலியமூர்த்தி சாரின் மனைவி செல்வி முதல் நாளே இறங்கி வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் கிடையாது. சுவர் விஷயம் எழுந்தால் மட்டும் ‘அவருக்குத்தான்க்கா தெரியும், இன்ஜினியராச்சே’ என்று நழுவிவிடுவாள்.

“அக்கா, ஆரத்தி எடுக்க ஆளில்லை. எங்க நாத்தனாருக்கு முட்டி வலி, வரலை. நீங்களும் ஷ்ருதியும் எடுத்துடுங்க.”

“அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம். ஆரத்தியை நானே கரைச்சுக் கொண்டாறேன்.”

அவள் போனதும் ஷ்ருதி என் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என்ன ப்ளான்?”

திட்டம் என்று முழுதாக ஒன்றும் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு என்பதும், அந்தச் சிவப்பு லேசில் போகாது என்பதும் தெரியும். ஆனால் ஆரத்தித் தண்ணீரை வாசலில் அல்லது தெருவில் கொட்டுவதுதான் முறை. அதை அவர் குளியலறைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன என்று ஒரு தட்டில் கரைக்க வேண்டியதைப் பெரிய குழம்புப் பாத்திரத்தில் கரைத்தேன். ஈரோட்டு மஞ்சள், நாலு கை. சுண்ணாம்பு, ஒரு டப்பா. கலக்கக் கலக்க அது குங்குமக் குழம்பாகச் சிவந்தது. அதில் ஒரு சொட்டு யமுனையில் விழுந்திருந்தால் ஆக்ரா வரை சிவந்திருக்கும்.

ஞாயிறு காலை ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு பெண் மாப்பிள்ளை வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படி முழுக்கப் பட்டுப்புடவை. மூன்றாம் மாடி வாசலில் இளஞ்செழியனும் புதுப்பெண் கனிமொழியும் கிழக்கு பார்த்து நின்றார்கள். பெண் வாட்டசாட்டமாக, சிரித்த முகமாக இருந்தாள். நானும் ஷ்ருதியும் தட்டைப் பிடித்துச் சுற்றினோம்.

“அம்மா, க்ளாக்வைஸா?” என்று ஷ்ருதி காதைக் கடித்தாள்.

“மொத மூணு அப்படி, அப்புறம் மூணு இப்படி. கடியாரம் பாக்காத, என் கையைப் பாரு.”

சுற்றி முடித்து இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தேன். வலது காலை எடுத்து வைத்து அவர்கள் உள்ளே போனார்கள். நான் தட்டோடு வாசல் பக்கம் திரும்பினேன். திரும்பியதும் கலியமூர்த்தி சார் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வந்தார்.

“மேடம், மேடம்! அங்க ஊத்தாதீங்க! மார்பிள்!”

தன் வாசலுக்கு முன்னால் உள்ள படிமேடைக்கு அவர் கல்யாணத்துக்காக வெள்ளை மார்பிள் போட்டிருந்தார். நான் மறந்தே போயிருந்தேன்.

“அப்ப தெருவுக்குக் கொண்டுபோறேன் சார்.”

“இந்தக் கூட்டத்துலயா? படியெல்லாம் சிந்தும். பட்டுப்புடவையில பட்டா சண்டை வரும். உள்ள பாத்ரூம்ல ஊத்திடுங்க. டைல்ஸ்ல படாம, நேரா அந்தக் குழிக்குள்ள. ஜாலி மேல. ஜல்தி, ஜல்தி!”

ஜாலி என்றால் தண்ணீர் போகும் ஓட்டை மேல் போட்டிருக்கும் சல்லடை மூடி. சாமி சில நேரம் எதிராளி வாயில்தான் வந்து உட்காரும் போலிருக்கிறது. நான் முகத்தை முடிந்தவரை வருத்தமாக வைத்துக்கொண்டு, “நீங்க சொல்றதால செய்றேன் சார்,” என்றேன். பால் வெள்ளைக் குளியலறைக்குள் போய், ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல், நேராகக் குழிக்குள் ஊற்றினேன்.

ஒரு தட்டு எதற்குக் காணும்? வெளியே வந்து, “செல்வி, மாமனார் மாமியாருக்கும் சுத்திடணும். இன்னைக்கு எத்தனை கண்ணு பட்டிருக்கும்!” என்றேன்.

“சுத்துங்கக்கா.”

“சார் இப்படி நில்லுங்க. நதியையெல்லாம் நிறுத்தின உடம்பு, திருஷ்டி படாம இருக்குமா?”

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவருக்கு நான் சுற்றிய சுற்றுக்கு ஒரு விமானம் கிளம்பியிருக்கும். பிறகு பெரியப்பா, பிறகு சித்தி, பிறகு வேன் டிரைவர். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குளியலறைப் பயணம். டிரைவர் மீரட்காரர். என்ன நடக்கிறது என்று தெரியாமலே கைகூப்பி நின்றார். ஷ்ருதிக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டே, “அம்மா, யூ ஆர் டூ மச்,” என்றாள்.

மிச்சத்தை வேன் கூட்டமே பார்த்துக்கொண்டது. அத்தனை பேரும் பிரயாண அலுப்புத் தீர அந்தக் குளியலறையில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். வாளி வாளியாக விழும் சத்தம் எங்கள் ஹாலில் அருவி மாதிரி கேட்டது.

மத்தியானம் பெண் மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் எங்கள் வீட்டில் என்று அழைத்திருந்தேன். புதுப்பெண்ணை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அழைப்பது வழக்கம்தானே. கலியமூர்த்தி சாரும் செல்வியும் கூடவே வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் மணி அடித்தது. தனேஜா. வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் நுழைந்தது. சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, இந்தியில், “கவலையே வேண்டாம் ஆன்ட்டிஜி. பேனல் அடிச்சுடுவோம். வாங்குறவனுக்கு அடுத்த மழை வரைக்கும் தெரியாது,” என்றார்.

“பாத்தீங்களா, நான் சொன்னதையேதான் அவரும் சொல்றார்,” என்று கலியமூர்த்தி சார் தலையாட்டினார்.

ஷ்ருதியின் முகம் சுருங்கியது. “வாங்குறவங்க வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா?” என்று தனேஜாவைக் கேட்டாள். அவர் அதற்குச் சிரித்தார்.

அப்போதுதான் கனிமொழி வாழைப்பழத்தைக் கையில் வைத்தபடி மேலே பார்த்தாள். “அத்தை, செவுத்துல என்னமோ செவப்பா எறங்குது.”

எல்லோரும் திரும்பினோம். கூரை ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பார்க்கப் பார்க்க அது இரண்டாகி, நாலாகி, ஆப்பிரிக்காவின் தலையில் இறங்கிப் பரவியது. நான் சொன்னால் நம்ப வேண்டும், சஹாராவில் செம்பருத்தி பூத்தது.

“ஐயோ, ரத்தம்!” என்று செல்வி அலறினாள்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, விரலால் தொட்டு முகர்ந்தேன். ஷ்ருதி மூக்கருகே நீட்டினேன். பிறகு தனேஜாவிடம். அவர் பின்னால் நகர்ந்தார். பிறகு கலியமூர்த்தி சாரிடம்.

“மஞ்சள் வாசனை வருதா சார்?”

“இது துரு மேடம். உள்ள கம்பி துருப்பிடிச்சா செவக்கும். காங்க்ரீட்ல சகஜம்.”

“ஈரோட்டு மஞ்சள் வாசனையோட எந்த ஊர்க் கம்பி துருப்பிடிக்கும் சார்?”

“அது வந்து... சில கெமிக்கல் ரியாக்‌ஷன்ல...”

“காலையில உங்க ஜாலியில ஊத்தின ஆரத்தி. நீலம் வேணாம்னீங்க, செவப்பாவே வந்திருக்கு. இப்ப உடைக்கலாமா?”

அவர் தொண்டையைச் செருமினார். “சரி, ஏதோ கொஞ்சம் கசியுது போல. அதுக்காக இப்பவே உடைக்க முடியுமா? காத்து மாசுன்னு கட்டட வேலைக்கெல்லாம் தடை வரப்போற நேரம். ஹோலி முடியட்டும், பாத்துக்கலாம். அது வரைக்கும் பேனலுக்கு முழுச் செலவும் நானே...”

ஹோலி முடிய நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. எனக்கு இருந்தது தீபாவளி வரைக்கும்தான். என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து மூச்சைச் சன்னமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஷ்ருதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவள் பெட்டி கட்டச் சொல்வாள். சொன்னால் அது நியாயமும்தான்.

நான் அணை கட்டினவரை விட்டுவிட்டேன். செல்வி பக்கம் திரும்பினேன்.

“செல்வி, ஆரத்தியில என்ன எறங்கும்?”

“திருஷ்டிக்கா.”

“அதை எங்க கொட்டுவோம்?”

“வெளிய. தெருவுல.”

“இன்னைக்கு அத்தனை பேருக்கும் சுத்தின திருஷ்டி எங்க இருக்கு? உன் பாத்ரூம் தரைக்கும் என் கூரைக்கும் நடுவுல. காங்க்ரீட்டுக்குள்ள ஊறிக் கெடக்கு. தெருவுக்கும் போகல, காயவும் இல்ல. நாளைலேர்ந்து உன் மருமக தெனம் அது மேலதான் நின்னு குளிக்கப் போறா.”

திருஷ்டியில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால், அன்று மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் அபார நம்பிக்கை இருந்தது.

செல்வியின் முகம் சுவரைவிட வெளுத்தது. கணவரிடம் திரும்பினாள். “நாளைக்குக் காலையில கொத்தனார் வரணும்.”

“செல்வி, காங்க்ரீட் ஸ்லாப்ல திருஷ்டி எப்படி...? இன்ஜினியரிங்ல அப்படி ஒண்ணு...”

“உங்க இன்ஜினியரிங்கை அணையில வச்சுக்கங்க. வாசல்ல ஊத்த வேண்டியதை மார்பிள் மார்பிள்னு உள்ள ஊத்தச் சொன்னது யாரு? நான் அப்பவே நெனச்சேன்.”

“நீ அப்ப ஒண்ணும் சொல்லலையே?”

“இப்ப சொல்றேன்ல?”

கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாக, “மாமா, திருஷ்டி இருக்கோ இல்லையோ, தண்ணி இருக்குல்ல? உடைச்சுடுங்க. நாங்க கொஞ்ச நாளைக்கு உள்ள இருக்குற இன்னொரு சின்ன பாத்ரூம்ல குளிச்சுக்குறோம்,” என்றாள். வந்த அன்றே மாமனாருக்கு இறங்கிவர ஒரு படி போட்டுக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு நான் இன்னொரு டம்ளர் பால் ஊற்றினேன்.

கலியமூர்த்தி சார் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். “மருமக சொல்றதால,” என்றார்.

தனேஜா இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். “அப்ப பேனல்?” என்று இந்தியில் கேட்டார்.

“பேனலும் இல்லை, விற்பனையும் இல்லை பையா. இந்தாங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க,” என்றேன். பழத்தைக் கையில் கொடுத்து வாசல் வரை கூடவே போய் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை மேலே சுத்தியல் சத்தம் தொடங்கியது. எனக்கு அது நாதஸ்வரம். பால் வெள்ளை டைல்ஸ் இரண்டு வரிசை பெயர்ந்தது. புதிய குழியும் பழைய குழாயும் சேரும் இடத்தில் ஒரு சந்து இருந்தது. கொத்தனார் கை முஷ்டி நுழையும் என்றார். நான் எட்டிப் பார்த்தேன், ஒரு யானைக்குட்டி தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். கலியமூர்த்தி சார் பக்கத்தில் நின்று, “நல்ல வேளை, நான் சரியான நேரத்துல கண்டுபிடிச்சேன்,” என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து எங்கள் சுவர். மேலே கசிவு நின்றதும் என் வீட்டுக்காரர், “தீபாவளிக்கு ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சுடலாமா?” என்று ஆரம்பித்தார்.

“கூடாது. ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டுற வேலை அது. பூச்சு முழுக்க உரிக்கணும், செங்கல் தெரியுற வரைக்கும். தானா காயணும். தில்லிக் குளிர்ல, பனியில, காய ஹோலி ஆகும். அப்புறம்தான் சிமெண்ட்டு, பெயின்ட்டு எல்லாம்.”

“ஹோலி வரைக்கும் ஹால்ல செங்கலா?” என்றாள் ஷ்ருதி. “தீபாவளிக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“இடிஞ்ச கோட்டையில ராணி உக்காந்திருக்கான்னு நினைக்கட்டும்.”

“அந்தத் தூசியில அப்பா?”

அது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் நக்கல் இல்லை. “நீ கூட்டிட்டுப் போ. உரிச்சு, அள்ளி, துடைச்சு முடிக்கப் பதினஞ்சு நாள் ஆகும். அது வரைக்கும் உன் பதினெட்டாவது மாடியில நல்ல காத்து வாங்கட்டும். திரும்பி வர்ற டிக்கெட்டையும் இப்பவே போட்டுடு.”

“நீ?”

“நான் எதுக்கு? வேலை நடக்கும்போது வீட்டுக்காரி இல்லைன்னா பாதி உரிச்சுட்டுப் போயிடுவாங்க.”

ஷ்ருதி அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நீங்க சொல்லுங்க. அங்கேயே இருந்துடுறீங்களா?”

அவர் இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யோசித்தார். எங்கள் வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம். அதனால் நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“பதினஞ்சு நாள் இருக்கேன்மா. அதுக்கு மேல வேணாம். இவ அங்க வந்தா சண்டை போட ஆளில்லாம ஒரே மாசத்துல செத்துடுவா. இவ இல்லாம நான் மட்டும் அங்க இருந்தா, எனக்காக யாரு பேசுறதுன்னே தெரியாது.”

ஷ்ருதி மொபைலை எடுத்து, போகிற டிக்கெட் இரண்டும், வருகிற டிக்கெட் ஒன்றும் போட்டாள். தனேஜாவின் நம்பரை என் கண்முன்னாலேயே அழித்தாள். பிறகு, “அம்மா, உடைக்கிறப்ப மாஸ்க் போட்டுக்க. போடலைன்னா வீடியோ கால்ல திட்டுவேன்,” என்றாள்.

“அச்சா, மேடம்,” என்றேன்.

அவர்கள் கிளம்பிய அன்றே எங்கள் ஹாலிலும் உளி விழுந்தது. மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் சாக்குப் பைகளில் ஏறிப் படி இறங்கின. கொத்தனார் இடுப்பு உயரம் வரை உரித்துவிட்டு, “போதுமா ஆன்ட்டி? கீழ் பக்கம் ஈரம் கம்மிதான்,” என்று கேட்டார்.

“கம்மின்னா இருக்குன்னுதானே அர்த்தம்? தரை வரைக்கும் உரிங்க பையா,” என்றேன்.

மாலையில் ஹாலில் செங்கல் மட்டும் மிச்சம் நின்றது. அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, முக்காடும் முகமூடியுமாக உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், காற்று வர வேண்டுமே. படி ஏறிப் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, “அரே, என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னேன். கடைசியாகக் கேட்டவருக்கு யானைக்குட்டி தாயோடு இருந்தது.

கலியமூர்த்தி சாரும் வந்து வாசலில் நின்றார். செங்கலை மேலும் கீழும் பார்த்தார். “பூச்சு எப்ப மேடம்?”

“ஹோலிக்கு அப்புறம் சார்.”

“அது வரைக்கும் இப்படியே இருக்கப் போறீங்களா?”

“இப்படியே, இங்கேயேதான் சார்,” என்று சொல்லிவிட்டு, அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.